திரை இருண்டால் சி.ஆர்.ஓ. செத்துவிட்டதா?

மூன்றாமாண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை

நம் லேபில் ஜன்னல் ஓரம் நாலாவது மேசையில் இருக்கும் பழைய சி.ஆர்.ஓ.வை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் திரையில், சரியாக நடுக்கட்டத்தில், கடுகளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி இருக்கும். பச்சைக் கோடு அந்த இடத்தைக் கடக்கும்போது அங்கே மட்டும் மங்கித் தெரியும். "திருஷ்டிப் பொட்டு வெச்சிருக்காங்கடா" என்று ஜூனியர்கள் சிரிப்பதை நானே கேட்டிருக்கிறேன். நண்பர்களே, அந்தப் பொட்டை வைத்தவன் நான்தான்.

அது மூன்றாம் செமஸ்டர். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் எக்ஸ்பெரிமென்ட். அவுட்புட் அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டிருந்தது. இன்புட்டைக் குறைத்தால் சரியாகும் என்று ஃபங்ஷன் ஜெனரேட்டரின் நாபை மெதுவாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். அலை சின்னதாகிக்கொண்டே வந்து, திடீரென்று காணோம்! திரை முழுக்க இருட்டு. பவர் லைட் மட்டும் எரிகிறது. எனக்குக் கை வேர்த்துவிட்டது. இன்டென்சிட்டி நாபைக் கடைசி வரை திருகினேன். ஒன்றும் இல்லை. ப்ரோப் இரண்டையும் பிடுங்கினேன். அப்போதும் இல்லை. கண்ணில் பட்ட பட்டனையெல்லாம் அழுத்திக்கொண்டே போனதில் எக்ஸ்–ஒய் பட்டன் உள்ளே போனது. உடனே திரை நடுவில் ஒரே ஒரு புள்ளி, சுற்றிலும் பச்சை வட்டம் விழ, குத்துகிற மாதிரி எரிந்தது. 'அப்பாடா, உயிர் இருக்கு' என்று அதை அப்படியே விட்டுவிட்டு மேடத்தைத் தேடிப் போனேன். மேடம் ஸ்டாஃப் ரூமில் இல்லை. தேடித் திரும்பி வந்தபோது அந்தப் புள்ளி திரையில் தழும்பாகவே பதிந்திருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. காரணம் பயம்தான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிப் படிக்க வந்தவன் நான்தான் முதல். அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறார். 'ட்யூபுக்குக் காசு கட்டு' என்று சொல்லிவிட்டால் வீட்டில் போய் எப்படிக் கேட்பது? எட்டு நாள் ஒழுங்காகச் சோறு இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் போய்ச் சொல்லிவிட்டேன். மேடம் ஒன்றும் அதிர்ச்சி ஆகவில்லை. "அன்னைக்கே தெரியும்ப்பா. நாலாவது மேசையில எந்த பேட்ச்னு ரிஜிஸ்டர்ல இருக்குல்ல? நீயா வந்து சொல்றியான்னு பார்த்தேன்" என்றார்கள். பிறகு அந்த சி.ஆர்.ஓ. முன்னால் என்னை உட்கார வைத்து, "சரி, புள்ளி எப்படி வந்துச்சுன்னு சொல்லிட்டே. மொதல்ல திரை ஏன் இருண்டுச்சு, அதைச் சொல்லு" என்றார்கள்.

எனக்குத் தெரியவில்லை. புள்ளி வைத்ததைவிட அதுதான் வெட்கமாக இருந்தது. ஒரு வருஷமாக அதன் முன்னால் உட்கார்ந்து ரீடிங் எழுதியிருக்கிறேனே!

அந்தக் கேள்விக்கு நான் தேடிப் பிடித்த பதில்தான் இந்தக் கட்டுரை. முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனலாக் சி.ஆர்.ஓ.வில் திரை இருண்டால் பத்துக்கு ஒன்பது தடவை அது பழுதல்ல. அதுவாகவே வெளிச்சத்தை நிறுத்தி வைத்திருக்கிறது. அதற்கு நல்ல காரணமும் இருக்கிறது.

ட்யூபுக்குள் நடப்பது செகண்ட் இயர் பாடம்தான். ஃபிலமென்ட் சூடாகிறது, கேத்தோடிலிருந்து எலெக்ட்ரான் கிளம்புகிறது, ஆனோடுகள் அதை இழுத்து முன்னால் தள்ளுகின்றன, தகடுகள் வளைக்கின்றன, ஃபாஸ்பர் பூச்சில் மோதி வெளிச்சம் வருகிறது. நம் லேபில் இருக்கிற மாதிரி 20 மெகாஹெர்ட்ஸ் சி.ஆர்.ஓ.வில் இந்தத் தள்ளும் மின்னழுத்தம் சுமார் 2000 வோல்ட். கேத்தோடுக்கு முன்னால் ஒரு கிரிட் இருக்கிறதே, நாம் ஒரு வரியில் தாண்டிப் போகிற சமாசாரம், அதுதான் இங்கே கதாநாயகன். கேத்தோடைவிட கிரிட் எவ்வளவு நெகடிவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு எலெக்ட்ரான் குறையும். சில பத்து வோல்ட் போதும், கதிர் முழுக்க நின்றுவிடும். இன்டென்சிட்டி நாப் செய்வது இந்த வேலையைத்தான். ஆனால் அந்த கிரிட்டை ஆட்டுவது நாம் மட்டுமல்ல, ஸ்வீப் சர்க்யூட்டும் ஆட்டுகிறது. இது எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

அம்மா வாசலில் கோலம் போடும்போது கவனித்திருக்கிறீர்களா? ஒரு இழையை முடித்துவிட்டு அடுத்த இழை தொடங்கும் இடத்துக்குக் கை போகும்போது மாவை விரலால் இறுக்கிக்கொள்வார். இல்லாவிட்டால் வழியெல்லாம் மாவு கொட்டி நடுவில் வேண்டாத கோடு விழும். சி.ஆர்.ஓ.வும் அதேதான் செய்கிறது. கதிர் இடமிருந்து வலமாக ஓடும்போது மட்டும் கிரிட் திறக்கிறது. வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்குத் திரும்பும்போது மூடிக்கொள்கிறது. திரும்பி வந்த பிறகும் உடனே திறப்பதில்லை. அடுத்த ட்ரிகர் வரும் வரை மூடிக்கொண்டே காத்திருக்கிறது. ஆக, ஒழுங்காக ஓடும் சி.ஆர்.ஓ.வின் திரைகூட நொடிக்குப் பல நூறு தடவை அணைந்து அணைந்து எரிகிறது. நம் கண்ணுக்குத்தான் அது ஒரே கோடு.

இப்போது என் கதைக்கு வாருங்கள். ட்ரிகர் மோடு 'நார்ம்' என்ற இடத்தில் இருந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்த பேட்ச் அப்படி விட்டுப் போயிருக்க வேண்டும். லெவல் நாப் கொஞ்சம் மேலே இருந்தது. அலை பெரிதாக இருந்த வரை அது லெவலைத் தொட்டு ட்ரிகர் கொடுத்தது. நான் அலையைக் குறைத்தேன். லெவலைத் தொட முடியாத அளவுக்குக் குறைந்த கணத்தில் ட்ரிகர் நின்றது, ஸ்வீப் நின்றது, கிரிட் மூடிக்கொண்டது. அவ்வளவுதான். கதிர் இடது ஓரத்தில், எலெக்ட்ரான் இல்லாமல், உத்தரவுக்காகக் காத்து நிற்கிறது. மோடு சுவிட்சை 'ஆட்டோ'வுக்குத் தள்ளியிருந்தால் அந்த நொடியே கோடு வந்திருக்கும். ஆட்டோவில் கொஞ்ச நேரம் ட்ரிகர் வராவிட்டால், 'வராவிட்டால் போகட்டும்' என்று ஸ்வீப் தானாகவே ஓட ஆரம்பித்துவிடும். குறைந்தபட்சம் ஒரு நேர்கோடாவது தெரியும்.

அப்படியானால் நார்ம் எதற்கு, எப்போதும் ஆட்டோவிலேயே வைத்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஏறத்தாழ 20, 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அலையைப் பார்க்கும்போது விடை தெரியும். அலையின் அடுத்த சுற்று வருவதற்குள் ஆட்டோ பொறுமை இழந்து ஸ்வீப்பை ஓட்டிவிடும், படம் நிற்காமல் ஓடும். எப்போதாவது வரும் பல்ஸைப் பிடிக்கவும் நார்ம்தான் வேண்டும். சிங்கிள் ஸ்வீப் என்று ஒன்று இருந்தால் அது இன்னும் கறார். ஒரே ஒரு தடவை கோடு ஓடும். பிறகு ரீசெட் அழுத்தும் வரை இருட்டுதான்.

கொஞ்சம் சரித்திரம். ஜெர்மனியில் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் 1897-ல் இந்தக் குழாயைச் செய்து காட்டினார். (1909-ல் மார்கோனியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவர்தான். ஆனால் அது கம்பியில்லாத் தந்திக்காக.) பழைய காலத்து ஸ்கோப்களில் ஸ்வீப் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அலையோடு அதை இழுத்துப் பிடித்து ஒத்துப்போக வைக்க வேண்டும். திரை இருளாது, ஆனால் நேரத்தை நம்பி அளக்க முடியாது. அமெரிக்காவில் ஹோவர்ட் வாலமும் ஜாக் முர்டாக்கும் 1946-ல் தொடங்கிய டெக்ட்ரானிக்ஸ் கம்பெனி, அடுத்த ஆண்டே ட்ரிகர் வைத்த 511 மாடலைக் கொண்டுவந்தது. அலை வந்தால்தான் கதிர் ஓடும், ஓடினால் குறித்த வேகத்தில் ஓடும் என்ற முறை அதன் பிறகு எங்கும் பரவியது. இன்று நாம் ஒரு கட்டம் ஒரு மில்லிசெகண்ட் என்று தைரியமாக ரெக்கார்டு நோட்டில் எழுதுவது அதனால்தான். அலை வராவிட்டால் திரை இருளுவதும் அதே முறையோடு சேர்ந்து வந்ததுதான்.

சரி, கதிரைச் சும்மா எரிய விட்டால் என்ன? நிற்கும் கதிர் என்ன செய்யும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கதிரின் மின்னோட்டம் 10 மைக்ரோ ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 2000 வோல்ட்டோடு பெருக்கினால் 20 மில்லிவாட். கேட்கச் சின்னதுதான். ஆனால் அது 10 சென்டிமீட்டர் கோட்டில் பரவாமல், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரே இடத்தில் விடாமல் விழுந்தால் ஃபாஸ்பர் கருகிவிடும். மாவை இறுக்காமல் கையை ஒரே இடத்தில் வைத்திருந்தால் அங்கே குவியுமே, அது மாதிரி. எக்ஸ்–ஒய் மோடில் ஸ்வீப்பே கிடையாது. எனவே கிரிட்டை மூடுகிற ஆளும் கிடையாது, கதிர் எப்போதும் எரியும். இன்டென்சிட்டியை ஏற்கெனவே நான் முழுக்க ஏற்றியிருந்தேன். ப்ரோபும் இல்லாததால் கதிர் அசையவும் வழியில்லை. நாலாவது மேசைப் பொட்டின் கதை இதுதான். லிசாஜூ படம் எடுக்கும் பேட்ச்காரர்கள் தயவுசெய்து கேளுங்கள்: முதலில் இன்டென்சிட்டியைக் குறையுங்கள், பிறகு எக்ஸ்–ஒய் அழுத்துங்கள்.

இதே பயத்தால்தான் பிற்காலத்து அனலாக் ஸ்கோப்கள் சிலவற்றில் இன்னொரு ஏற்பாடும் வைத்தார்கள். மைக்ரோ ப்ராசஸர் வைத்து, வோல்ட்டையும் நேரத்தையும் திரையிலேயே எண்ணாக எழுதிக் காட்டும் வகை அது. ஒரே இடத்தில் மணிக்கணக்கில் அதே எழுத்து நின்றால் அதுவும் பதிந்துவிடும். எனவே சில நிமிடம் யாரும் எந்த நாபையும் தொடாவிட்டால் அதுவே திரையை அணைத்துவிடும். நம் லேப் கண்ணாடி அலமாரியில் அப்படி ஒன்று 'டிஸ்ப்ளே ஃபால்ட்' என்று சீட்டு ஒட்டி வெகுநாள் தூங்கிக்கொண்டிருந்தது. மேடம் அனுமதி வாங்கி நானும் என் பார்ட்னரும் அதை எடுத்து ஓட்டினோம். கோடு அருமையாக வந்தது. நோட்டுப் போட்டு நேரம் குறித்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்தோம். சில நிமிடத்தில் பொசுக்கென்று இருண்டது. பார்ட்னர் வோல்ட்ஸ் நாபை ஒரு சொடுக்குத் திருப்பினான். உடனே, அந்த நொடியே, கோடும் எழுத்தும் திரும்ப வந்தன. மறுபடி விட்டோம். அதே இடைவெளியில் மறுபடி இருண்டது. சீட்டைக் கிழித்துவிட்டோம்.

இங்கே அந்த 'உடனே' என்பதைக் கவனியுங்கள். பழுதா, பாதுகாப்பா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த மிகச் சுலபமான சோதனை அதுதான். கிரிட்டை மூடி அணைத்திருந்தால் ஃபிலமென்ட் சூடாகவே இருக்கிறது, எனவே திறந்ததும் வெளிச்சம் வந்துவிடும். சப்ளையே போய்த் திரும்பியிருந்தால் ஃபிலமென்ட் ஆறிப் போயிருக்கும், காலையில் சுவிட்ச் போட்டதும் காத்திருக்கிறோமே அது மாதிரி கொஞ்ச நேரம் ஆன பிறகே கோடு வரும். இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. திரை அணைந்திருந்தாலும் உள்ளே 2000 வோல்ட் அப்படியேதான் இருக்கும். இருட்டாக இருப்பதால் ஸ்கோப் ஆஃப் ஆகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்படித் தானாக அணைவதை நிறுத்தி வைக்கச் சில மாடல்களில் வழி இருக்கும், மேனுவலில் பார்க்கலாம். ஆனால் நான் அதை விரும்பமாட்டேன். ஒரு மணி நேரம் ஒரே அலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய வேலை என்றால் மட்டும் நிறுத்திவிட்டு, இன்டென்சிட்டியைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இறக்கி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு பார்ப்பது நல்லது. வெயில் அடிக்கும் மேசையில் உட்கார்ந்து வெளிச்சத்தை ஏற்றுவதுதான் நம்மவர்கள் வழக்கம்.

இன்னும் இரண்டு இருட்டு இருக்கிறது. ஒன்று, கதிர் எரிந்துகொண்டே திரைக்கு வெளியே போய்விடுவது. கலெக்டரில் 6 வோல்ட் டி.சி. இருக்கும்போது, கப்ளிங்கை டி.சி.யில் வைத்து, ஒரு கட்டம் 5 மில்லிவோல்ட் என்று போட்டால் கோடு 1200 கட்டம் மேலே போக வேண்டும். திரையில் இருப்பது 8 கட்டம்! கப்ளிங்கை கிரவுண்டுக்குத் தள்ளிப் பொசிஷன் நாபை நடுவில் வையுங்கள், ஓடிப்போனவர் திரும்பி வருவார். பீம் ஃபைண்டர் பட்டன் இருந்தால் அதை அழுத்தினால் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று தெரியும். இன்னொன்று, உண்மையில் மங்கிப்போவது. ஒரு கட்டம் 0.1 மைக்ரோசெகண்ட் வேகத்தில், நொடிக்கு 100 தடவை மட்டும் வரும் பல்ஸைப் பார்க்கிறீர்கள் என்றால், ஒரு ஓட்டத்துக்கு 1 மைக்ரோசெகண்ட், நூறு ஓட்டத்துக்கு 100 மைக்ரோசெகண்ட். ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் கதிர் எரிகிறது. இருட்டாகத் தெரியாமல் என்ன செய்யும்? பின்பக்கம் இசட் ஆக்ஸிஸ் என்று ஒரு சாக்கெட் இருக்கும். அங்கே யாராவது வேடிக்கையாக ஒயரைச் செருகியிருந்தாலும் கதிர் அணையலாம். எதற்கும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

ஆகவே, ப்ராக்டிகல் எக்ஸாமில் திரை இருண்டால் இன்டென்சிட்டியை நடுவில் வைத்துவிட்டு முதலில் கை போக வேண்டிய இடம் ட்ரிகர் மோடு. அது ஆட்டோவில் இருக்கட்டும். பிறகு கிரவுண்ட், பிறகு பொசிஷன், பிறகு டைம் பேஸ் ஒரு மில்லிசெகண்ட். எக்ஸ்–ஒய் வெளியே இருக்க வேண்டும். இவ்வளவையும் பார்க்க அரை நிமிடம் ஆகாது. புதிதாக வந்திருக்கும் எல்.சி.டி. வைத்த டி.எஸ்.ஓ.க்களில் இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் நார்ம் மோடில் ட்ரிகர் நின்றால் திரை இருளாது, கடைசியாகப் பிடித்த பழைய படமே நிற்கும். ப்ரோபைக் கழற்றிய பிறகும் அலை தெரிகிறதே என்று ரீடிங் எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் இருட்டே மேல், பொய் சொல்லாது.

மீதி இருக்கும் பத்தில் ஒன்று, நிஜப் பழுது. அதையும் மூடியைத் திறக்காமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். திறக்கவே கூடாது என்றும் சொல்கிறேன். ஒயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தக் கெப்பாசிட்டர்கள் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். நம்மிடம் இருக்கும் மல்டிமீட்டர் 1000 வோல்ட் வரைக்கும்தான். 2000 வோல்ட்டில் அதை வைத்தால் மீட்டரும் போகும், கையும் போகலாம்.

போன செமஸ்டரில் இரண்டாவது மேசை சி.ஆர்.ஓ. இருபது நிமிடம் ஓடியதும் மங்கி மங்கி இருண்டுவிடும். நாபைத் தொட்டாலும் வராது. ஆட்டோவில்தான் இருந்தது. நாங்கள் அதன் கேலிப்ரேஷன் முனையில் ப்ரோபை மாட்டினோம். 2 வோல்ட், 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை. ஒரு கட்டம் 0.5 வோல்ட் என்றால் உயரம் 4 கட்டம், ஒரு கட்டம் ஒரு மில்லிசெகண்ட் என்றால் 5 அலைக்கு அகலம் 5 கட்டம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்து எழுதினோம். மங்க ஆரம்பித்தபோது உயரம் 4.4 ஆகியிருந்தது, அகலம் 5.5. கோடு தடித்து ஃபோகஸும் போயிருந்தது. வெர்ட்டிகல் ஆம்ப்ளிஃபயரில் மட்டும் கோளாறு என்றால் உயரம் மட்டும்தானே மாற வேண்டும்? இரண்டும் ஒரே விகிதத்தில் வளர்கிறதே! அப்போதுதான் எக்ஸாமுக்கு மனப்பாடம் செய்த சூத்திரம் ஞாபகம் வந்தது. வளைவு, ஆனோடு மின்னழுத்தத்துக்குத் தலைகீழ் விகிதம். 2000 வோல்ட் 1800 ஆகக் குறைந்தால் 4 கட்டம் ஏறத்தாழ 4.4 ஆகும், 5 கட்டம் 5.5 ஆகும். கணக்கு அப்படியே உட்கார்ந்தது. எலெக்ட்ரான் மெதுவாகப் போகிறது, அதனால் அதிகம் வளைகிறது, மோதும் வேகம் குறைவதால் வெளிச்சமும் குறைகிறது.

மேடம் அட்டவணையை இரண்டு தடவை பார்த்தார்கள். பழுது ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளி, "நீயே எழுது" என்றார்கள். 'சூடானதும் உயர் மின்னழுத்தம் குறைகிறது. மூடி திறக்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சர்வீசிலிருந்து அது போன மாதம் திரும்பி வந்தது. உயர் மின்னழுத்தப் பக்கம் இரண்டு எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரும் ஒரு ரெசிஸ்டரும் மாற்றியிருப்பதாகப் பில்லில் இருந்தது. இப்போது இரண்டு மணி நேரம் ஓடினாலும் 4 கட்டம் 4 கட்டமாகவே நிற்கிறது.